கடைசியாக வந்தவருக்கு முதல் அகப்பை

முன்னொரு காலத்தில், மூன்று பக்கம் மலையும் நாலாவது பக்கம் ராஜாவின் முன்கோபமும் காவல் நின்ற ஒரு நாட்டை உக்கிரசேனன் என்பவர் ஆண்டுவந்தார். எதிலும் அவர்தான் முதல். முதல் மாம்பழம் அவருக்கு, முதல் கரும்பு அவருக்கு. வானம் இருட்டினால் போதும், முதல் துளி தன் தலையில்தான் விழவேண்டும் என்று முற்றத்தில் போய் நிற்பார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அவர் சபையில் வில்லவராயர் என்றொரு பிரமுகர். யார் எங்கே உட்காரணும், யார் யாருக்குப் பின்னால் நடக்கணும் என்று வரிசை வகுப்பதுதான் அவருக்கு உத்தியோகம். தான் வகுக்காத வரிசை ஒன்று நாட்டில் இருந்தால் மனுஷனுக்கு வயிறு எரியும். அப்படி எரியவைத்த ஊர்தான் நெரிஞ்சியூர்.

நெரிஞ்சியூரில் வருஷாவருஷம் கொப்பரைத் திருவிழா. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு. எல்லாம் ஒரே கொப்பரையில் விழுந்து, ஊர் எல்லையில் புளியமரத்தடியில் வேகும். உச்சிவெயிலில் மணி அடிக்கும்போது, எல்லைக் கோட்டைத் தாண்டிக் கடைசியாக ஊருக்குள் வந்தவர் யாரோ, அவருக்கு முதல் அகப்பை. அது பரதேசியாக இருந்தாலும் சரி. பஞ்ச வருஷத்தில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சியாவது நூறு வருஷமாக விடாமல் நடத்தின ஊர் அது. அகப்பை பிடிக்கிறவள் வேம்பாயி. கணீர்க் குரல்காரி, பிடித்தால் விடமாட்டாள்.

"மகாராஜா! தங்கள் நாட்டிலேயே, தங்களுக்கு முன்னால் ஊர் பேர் தெரியாதவனுக்குச் சோறு போடுகிறார்களாம். கேட்கவே காது கூசுகிறது!" என்று வில்லவராயர் போட்டுக்கொடுத்தார்.

ராஜா துள்ளிக் குதித்தார். வேம்பாயியை வரவழைத்து, "இந்த வருஷம் முதல் அகப்பை எனக்கு. இல்லையென்றால் கொப்பரையைத் தூக்கி அரண்மனையில் போட்டுவிடுவேன். திருவிழா அத்தோடு சரி!" என்றார்.

வேம்பாயி யோசித்தாள். ராஜா என்பதற்காகக் கொடுத்தால் வழக்கம் செத்துவிடும். மாட்டேன் என்றால் திருவிழாவே செத்துவிடும். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு இல்லை.

"தாராளமா தர்றேன் மகாராஜா. நீங்க கடைசியா வந்தாப் போதும்."

"என்னது, நான் கடைசியா?"

"கடைசியா வந்தவங்களுக்குத்தானே முதல் அகப்பை? உங்களுக்குப் பின்னால ஒருத்தரும் வரக்கூடாது. குடை பிடிக்கிறவர் பின்னால வந்தா, முதல் சோறு அவருக்குப் போயிடும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவுதானா! அன்றைக்கு எல்லோரும் எனக்கு முன்னால் போங்கள்."

வில்லவராயர் பதறினார். "ராஜாவுக்கு முன்னால் நடப்பதா? வரிசை என்னாவது? அடியேன் பின்னால்தான் வருவேன்!"

"அப்ப முதல் அகப்பை ஐயாவுக்குத்தான்" என்றாள் வேம்பாயி அப்பாவியாக.

ராஜாவின் மீசை துடித்தது. "ஓய்! என் சோற்றிலேயா கண் வைக்கிறீர்?"

"ஐயையோ, இல்லை பிரபு!"

திருவிழா நாளும் வந்தது. முன்னால் நடந்தால் அவமரியாதை, பின்னால் நடந்தால் ராஜத்துரோகம். பாவம், வில்லவராயர் என்ன செய்வார்? ராஜாவுக்கு முதுகைக் காட்டாமல், கும்பிட்டபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார். கோட்டைத் தாண்டினவர் புளியமரத்தில் நங்கென்று முட்டிக்கொண்டார். ஊரே சிரித்தது.

குடையும் போய்விட்டது, சாமரமும் போய்விட்டது. ராஜா மட்டும் கோட்டுக்கு வெளியே வெயிலில் தனியாக நின்றார். வேம்பாயி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்தாள். ஈ காக்கை இல்லை. 'யாரும் வராட்டி போகுது, ராஜாவே வாங்கிக்கட்டும். வழக்கப்படிதானே வாங்குறாரு' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது பாதை வளைவில் ஒரு கூடை தெரிந்தது. உப்பு விற்கிற பெண் ஒருத்தி, தலையில் கூடையோடு தள்ளாடித் தள்ளாடி வந்தாள்.

"அண்ணே, இந்த ஊர்ல ஒரு வாய் சோறு கிடைக்குமா? நேத்துக் காலையில குடிச்ச கஞ்சிதான்."

"கிடைக்கும். நீ முன்னால் போ" என்றார் ராஜா அவசரமாக.

"நல்லாயிருக்கே! எனக்கு முன்னாலயே வெயில்ல நிக்கிறீங்க. மூஞ்சியெல்லாம் வாடிப்போச்சு, உங்களுக்கும் பசிக்கும்ல? நீங்க போங்கண்ணே, நான் பின்னால வர்றேன்."

உனக்குப் பசிக்குமா என்று ராஜாவை அதுவரை யாரும் கேட்டதில்லை. பசிக்கும் முன்பே எல்லாம் வந்துவிடுமே! அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. வேம்பாயியைப் பார்த்தார்.

"இவள் வருவாளென்று உனக்குத் தெரியுமா?"

"இன்னார்னு தெரியாது மகாராஜா. ஆனா யாராவது வருவாங்க, நூறு வருஷமா வராம இருந்ததில்ல. வழி தவறிப் பசியோட வந்தவங்க கட்டின ஊரு இது. எங்கள்ல ஒருத்தரும் இங்க முளைக்கல. மணி அடிக்கவா?"

ராஜா அந்தப் பெண்ணின் உப்புக் கூடையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். அவள் பின்னாலேயே வந்தாள். மணி அடித்தது.

முதல் அகப்பை உப்புக்காரிக்கு. ராஜா கடைசியில் உட்கார்ந்து கொப்பரையின் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிச் சாப்பிட்டார். பசியில் அது அமிர்தமாக இருந்ததாம்.

"வில்லவராயரே! இனி வருஷாவருஷம் இந்த எல்லையில் நின்று, வருகிறவரையெல்லாம் கைகூப்பி உள்ளே அழைப்பதுதான் உமக்கு வேலை. உமக்குச் சாப்பாடு எல்லோருக்கும் அப்புறம்தான்" என்றார் ராஜா. புடைத்த பின்மண்டையைத் தடவியபடி வில்லவராயர் தலையாட்டினார்.

"வேம்பாயி, உனக்கு என்ன வேண்டும்? ஒரு கிராமமே தருகிறேன், கேள்!"

"ஒரு பிடி அரிசி மகாராஜா."

"அவ்வளவுதானா?"

"வீட்டுக்கு ஒரு பிடிதான் வழக்கம். அரண்மனையும் ஒரு வீடுதானே?"

அடுத்த வருஷம் அரண்மனை அரிசி வந்தது, ஒரே ஒரு பிடி. முடிச்சுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ராஜாவே நடந்து வந்தார். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.