ஆலங்கிணற்று மாப்பிள்ளை கார் இடித்த கதை

ஆலங்கிணற்றுக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் போதும், சொன்னபடியே செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான். "கதவைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், கொல்லைப்புறமாகத் திருடன் புகுந்து பாத்திரம் பண்டத்தை அள்ளினாலும், கதவை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

அந்த ஊர் கோமதிநாயகத்துக்குக் கல்யாண வயது வந்து, சிறிது காலம் காத்திருந்து பார்த்துவிட்டு, போயும் விட்டது. நல்ல மனுஷன். சொந்தமாக மாவு மில் உண்டு, கெட்ட பழக்கம் கிடையாது. ஆனாலும் பார்க்கப் போன பெண் வீட்டார் எல்லாம் அரை மணி நேரம் அவரோடு பேசியதும், "ஜாதகத்தை இன்னொரு தரம் பாக்கணும்" என்று நழுவிவிட்டார்கள். கடைசியாகச் சுரண்டைப் பக்கம் ஒரு வரன் தகைந்து வந்தது. பெண் பெயர் சண்முகவடிவு. தாய் இல்லாத பிள்ளை, அப்பா மட்டும்தான். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் இனி மில்லே கதி என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். கோமதிநாயகம் புதிதாக வாங்கிய பழைய வெள்ளைக் காரை ஓட்ட, சித்தப்பா உச்சிமாகாளி முன்னால் உட்கார்ந்தார். அக்கா வீட்டுக்காரர் சுடலைமணி பின்னால் பழத்தட்டோடு உட்கார்ந்தார்.

சுரண்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. கோமதிநாயகம் அந்தப் போட்டோவை நினைத்துக்கொண்டே திரும்பினார். எதிரே ஒரு பச்சைக் கார் வந்தது. டொக் என்று ஒரு சத்தம். தேங்காய் உடைத்த மாதிரிதான் இருந்தது. இரண்டு காருக்கும் முன்பக்கம் லேசாக ஒடுங்கியது. வேறு சேதாரம் இல்லை.

கோமதிநாயகம் என்ஜினை அணைத்தார். பாளையங்கோட்டையில் வண்டி இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் சொந்தக்காரன் வரதனைப் போனில் கூப்பிட்டார்.

"பதறாதீங்க அண்ணாச்சி," என்றான் வரதன். "வண்டியை அசைக்காதீங்க. அடிபட்டவங்க யாரும் இருக்காங்களான்னு பாருங்க. நாலு பக்கமும் போட்டோ எடுங்க. என்ன ஆனாலும் தப்பை ஒத்துக்கிடாதீங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேரு, விலாசத்தை மாத்திக்கிட்டுக் கிளம்புங்க." இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

"வண்டி அசையக் கூடாதாம்," என்றார் கோமதிநாயகம், உதடு மட்டும் அசைய.

மூவரும் சிலையாக உட்கார்ந்தார்கள். சுடலைமணிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியது.

"தும்மிராதீரும் வே," என்றார் உச்சிமாகாளி. "ஸ்பிரிங் வண்டி. ஆடிரும்."

பிறகு ஒருவர் பின் ஒருவராக, தூங்கும் பிள்ளை பக்கத்திலிருந்து தாய் எழுந்திருப்பது போல இறங்கினார்கள். எதிர்க் காரிலிருந்து இறங்கிய பெரியவர் இவர்களைப் பார்த்துவிட்டு, தாமும் மறுபடி உள்ளே போய், அதே மாதிரி மெல்ல இறங்கினார். கோமதிநாயகத்துக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

அடுத்து, அடிபட்டவர் வேண்டும். நால்வரும் ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. சுடலைமணி பஸ் நிறுத்தம் வரை போய், காலில் கட்டுப் போட்ட ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"போன வாரம் அம்மி விழுந்துச்சு."

"போன வாரமா? நாம இப்பதானே இடிச்சோம்."

"எப்ப பட்டா என்னடே," என்றார் உச்சிமாகாளி. "அடிபட்டவங்க இருக்காங்களான்னுதானே வரதன் கேட்டான்? இருக்காரு. அதோட முடிஞ்சுது."

அந்த மனிதருக்குப் பழத்தட்டிலிருந்து ஒரு ஆப்பிளைக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்கள்.

போட்டோ எடுக்கும் பொறுப்பு சுடலைமணிக்கு. கிழக்கே பனங்காட்டை எடுத்தார். தெற்கே ஒரு செங்கல் சூளை. வடக்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள். மேற்கே எடுக்கும்போது இரண்டு கார்களும் குறுக்கே வந்தன. ரொம்பத் தள்ளிப் போய் நின்று, படத்தில் கார் விழாதபடி மலையை மட்டும் எடுத்தார்.

இதற்குள் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. "தப்பு என்னுதுதான் தம்பி," என்றார். "வீட்டுக்கு விருந்தாள் வாராங்கன்னு பால் வாங்கிட்டு வந்தேன். பால் தூக்கு சாயுதேன்னு திரும்பிப் பாத்துட்டேன்."

"அதை நாங்க ஒத்துக்கிட மாட்டோம்," என்றார் உச்சிமாகாளி.

"நான்தானே சொல்லுதேன், தப்பு என்னுதுன்னு."

"நீங்க என்ன சொன்னாலும் சரி. தப்பை நாங்க ஒத்துக்கிடவே கூடாது."

"அப்போ தப்பு யாருது?"

"உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒத்துக்கிட மாட்டோம்."

பெரியவர் யோசித்துப் பார்த்தார். பேச்சு நியாயமாகவே பட்டது. "சரி, பேரு, விலாசத்தை மாத்திக்கிடுவோம். எம் பேரு ஆவுடையப்பன். வீடு சுரண்டை பிள்ளையார் கோவில் தெரு."

"அட," என்றார் கோமதிநாயகம். "நான் பாக்கப் போற பொண்ணோட அப்பா பேரும் ஆவுடையப்பன்தான். அதே தெருதான். நான் ஆலங்கிணறு கோமதிநாயகம்."

"எங்க வீட்டுக்கு வாற மாப்பிள்ளையும் ஆலங்கிணறு கோமதிநாயகம்தான். ஒரே பேருல எத்தனை பேரு இருக்காங்க பாருங்க."

இருவரும் கொஞ்ச நேரம் உலகத்தை வியந்தார்கள். பிறகு கைகுலுக்கிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். விலாசத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

உச்சிமாகாளிதான் முதலில் நடைமுறைக்கு வந்தார். பெரியவரைப் பார்த்து, "ஏலே கோமதி, ராகுகாலம் வரப் போகுது. பொண்ணு பாக்கப் போகணும், வண்டியை எடு," என்றார்.

"இந்தா வாரேன் சித்தப்பா," என்று ஆவுடையப்பன் வெள்ளைக் காரில் ஏறினார். கோமதிநாயகம் பச்சைக் காரில் ஏறி, பால் திரிந்துவிடுமே என்ற கவலையோடு வீட்டைப் பார்த்து ஓட்டினார்.

வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் கோமதிநாயகம்தான். கதவைத் திறந்த சண்முகவடிவு, போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். "நான்தான்மா அப்பா," என்று பால் தூக்கை நீட்டினார். அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் காரிலிருந்து அவளுடைய அப்பா, யாரோ இரண்டு பேரோடு, மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கினார். அந்த அப்பாவோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் அவள். ஒன்றும் கேட்காமல் காபி போடப் போனாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் எதிரே இருந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். நரைத்த தலை. முன்பல் இரண்டைக் காணோம். இவனுக்கா இந்தப் பெண் என்று வயிறு எரிந்தது.

வடிவு காபியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எனக்குக் கோமதிநாயகத்தைப் பிடிச்சிருக்கு," என்றாள்.

"நீ சும்மா இரும்மா," என்றார் கோமதிநாயகம். "உனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா நான் எதுக்கு இருக்கேன்?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உச்சிமாகாளி பக்கம் திரும்பினார். "தப்பா நினைக்கக் கூடாது. கோமதிநாயகத்துக்கு வயசு கூடிப்போச்சு. எம் பொண்ணைக் குடுக்கதுக்கு இல்ல."

உச்சிமாகாளி பெருமூச்சு விட்டார். பெண்ணைப் பெற்றவர் சொன்னால் முடிந்தது. மூவரும் எழுந்தார்கள். கோமதிநாயகம் மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார். கார் கிளம்பியதும், "அப்பா, ராத்திரிக்கு இட்லியா தோசையா?" என்று வடிவு உள்ளிருந்து கேட்பது அவர் காதில் விழுந்தது.

வெள்ளைக் கார் ஆலங்கிணற்றுச் சாலையில் திரும்பியது.

"விடுடே கோமதி," என்றார் உச்சிமாகாளி. "இதைவிட நல்ல இடம் அமையும்."

ஆவுடையப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்ல சித்தப்பா. பொண்ணு தங்கமான பொண்ணு. எங்கேயோ ரொம்ப நாள் பழகின முகம் மாதிரியே இருந்துச்சு."