சோதித்து வாங்கிய கரி

அண்ணன் தம்பி மூன்று பேர். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு மூளையாவது இருந்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியதே இல்லை. மூத்தவன் மாசாணம், நடுவன் பூவலிங்கம், இளையவன் சடையன். ஊர் பூண்டுப்பாறை. கொடைக்கானலுக்கும் மேலே, மத்தியானத்திலேயே பல் கிட்டுகிற ஊர்.

பூவலிங்கத்தின் பெண்டாட்டி ஒச்சம்மா தாய்வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் திரும்பி வருவதாக இருந்தாள். போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

“பிள்ளைக்குக் குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸுல வர்றேன். வீடு கதகதன்னு இருக்கணும். ஈர விறகைப் போட்டு ஊதுனீங்க, வந்த பஸ்ஸிலயே திரும்பிடுவேன்.”

பூவலிங்கம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனான்தான். ‘செருப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று வாசலில் போர்டு இருந்தது. சரி, யாராவது பொறுப்பாக இருக்க வேண்டுமே என்று இரண்டு நாள் செருப்புகளோடு நின்றுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மூவரும் ஜீப் பிடித்து டவுன் கரிக்கடைக்குப் போனார்கள்.

“பாய், புகையே வராத கரி வேணும். விலையும் சல்லிசா இருக்கணும்,” என்றான் மாசாணம்.

கடைக்காரர் ஹனீபா ஒரு மூட்டையைக் காட்டினார். “தேங்காய்ச் சிரட்டைக் கரி. கடையிலயே இதான் மலிவு. புகை வராது. சந்தேகமா இருந்தா பத்த வச்சுப் பாத்துட்டே வாங்குங்க.”

சொல்லிவிட்டு அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். போயிருக்கக் கூடாது.

முற்றத்தில் ஒரு துண்டைப் பற்ற வைத்தார்கள். புகை வரவில்லை.

“இது நல்ல கரி,” என்றான் சடையன். “அடுத்தது?”

“அதுவும் அப்படித்தாண்டா இருக்கும்,” என்றான் மாசாணம்.

“எப்படிண்ணே சொல்றே? நாம மூணு பேரும் ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே மாதிரியா இருக்கோம்?”

மாசாணம் வாயைத் திறந்தபடி யோசித்தான். “இல்லதான். நீ கொஞ்சம் மக்கு.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மூட்டை முழுவதையும் ஒவ்வொன்றாகப் பற்ற வைத்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் வந்து குளிர் காய்ந்தார்கள். சோளக்கதிர் விற்கிற அம்மா நாலு கதிரைச் சுட்டுக்கொண்டு போனாள். எல்லாருக்கும் பிரயோஜனம்.

ஹனீபா திரும்பி வந்தபோது மூவரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்னப்பா அள்றீங்க?”

“கரிதான் பாய். ஒண்ணு விடாமப் பாத்தாச்சு. அத்தனையும் பாஸ்.”

“அடப்பாவிங்களா, அது சாம்பல்! வேற அரை மூட்டை சும்மா தர்றேன், எடுத்துட்டுப் போங்க.”

பூவலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “பச்சப்பிள்ளை வர்ற வீடு பாய். சோதிக்காத கரிய எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?”

மூட்டையைத் தூக்கினால் பஞ்சாக இருந்தது. “புகையோட எடை போயிடுச்சுல்ல,” என்றான் மாசாணம்.

“காத்துப் படாம மூடியாவது கொண்டு போங்க,” என்றார் ஹனீபா. மூவரும் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி மூட்டைக்குப் போர்த்தினார்கள். ஊர் வரைக்கும் ஜீப்பில் கம்பளி இல்லாமல் நடுங்கிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டில் கணப்புச் சட்டி நிறைய அள்ளிப் போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார்கள். குச்சி புகைந்தது. உடனே அணைத்துவிட்டார்கள்.

“கரி புகையல. குச்சிதான் புகையுது. கரியை மட்டும் வச்சுக்குவோம்,” என்றான் மாசாணம்.

“சரிண்ணே. கதகதப்பு எங்க?” என்று கேட்டான் பூவலிங்கம்.

“கடை முத்தத்துல நல்லாத்தானே இருந்துச்சு? அள்ளும்போது விட்டுட்டு வந்துட்டோம் போல.”

நாலு மணிக்கு பஸ் வந்தது. ஒச்சம்மா உள்ளே வந்தாள். அவள் விட்ட மூச்சு ஆவியாக நின்றது. சட்டியில் விரலை விட்டுப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக நின்ற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். துணிக்குள்ளிருந்து பூவலிங்கத்துக்குத் தெரிந்தது ஒரு மூக்கு மட்டும்.

“புகை இருந்தாத்தானே திரும்புறேன்னு சொன்னே? இல்லையே!” என்று பின்னாலேயே ஓடினான். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பின்னாலிருந்து கறுப்பாகக் குப்பென்று வந்தது.

“அண்ணே, புகை! பிள்ளைக்கு ஆகாதே!” பூவலிங்கம் அழுதேவிட்டான்.

“அழாதண்ணே. நம்மகிட்டதான் புகையில்லாக் கரி இருக்கே,” என்றான் சடையன். மிச்சமிருந்த மூட்டையைச் சாக்கோடு கொண்டுவந்து புகைக்குழாயில் திணித்தான். பஸ் இரண்டு தடவை விக்கி நின்றது. புகையும் நின்றது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டிரைவர் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். “மெக்கானிக் காலையிலதான் வருவான்,” என்றார்.

பனி இறங்கிவிட்டது. ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருப்பது இவர்கள் வீடு ஒன்றுதான். பஸ்ஸில் இருந்த முப்பது பேரும் அதற்குள் நுழைந்தார்கள், கூட இரண்டு பூண்டு மூட்டை, ஒரு கோழி. ஒரே அறை. முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து கதவைச் சாத்தினார்கள். அரை மணி நேரத்தில் சன்னல் வேர்த்தது. கண்டக்டர் மப்ளரை அவிழ்த்தார். ஒச்சம்மா பிள்ளையின் குல்லாவைக் கழற்றினாள், அப்புறம் ஸ்வெட்டரை. மூக்கை உறிஞ்சி நாலு பக்கமும் மோந்து பார்த்தாள். புகை இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளையைப் பூவலிங்கத்தின் மடியில் போட்டாள்.

“முழு மூஞ்சியும் இருக்கு!” என்றான் பூவலிங்கம்.

காலையில் மெக்கானிக் சாக்கை உருவிப் போட்டுவிட்டு, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் பொதுவாகத் திட்டினார். பஸ் கிளம்பத் தயாரானது. ஒச்சம்மாவையும் பிள்ளையையும் தவிர எல்லாரும் ஏறப் போனதும் வீடு மறுபடி ஜில்லென்று ஆகிவிட்டது. மூவரும் அதே பஸ்ஸில் ஹனீபாவிடம் ஓடினார்கள்.

“பாய், அருமையான கரி,” என்றான் மாசாணம். “பத்த வைக்கவே வேணாம், வீடே கதகதன்னு ஆயிடுச்சு. ஒரே ஒரு குறைதான்.”

“என்ன குறை?”

“வெறும் கரி பத்தாது. கூட ஒரு பஸ்ஸும் வேணும். சல்லிசா இருந்தா காட்டுங்க.”

சடையன் தீப்பெட்டியை எடுத்தான். “சோதிச்சுத்தான் வாங்குவோம்.”