ஐந்து நாழிகைத் தண்ணீர்

ஒரு காலத்தில் செம்பியூரை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் முதலில் தண்டனை, பிறகுதான் விசாரணை. அப்படிப்பட்ட ராஜா!

அந்த வருஷம் கடைமடை வயல்களுக்கு முறை வருமுன்பே பெரிய ஏரி வற்றத் தொடங்கியது. பயிர் கருகியது. “மடை திறக்கிற உடையான்தான் தண்ணீரைத் திருட்டுத்தனமாக விட்டிருக்கிறான்” என்றார் அரசவைப் பிரபு மருதவாணர்.

“வெட்டுங்கள் அவன் கையை!” என்று கத்தினார் ராஜா.

உடையானின் தங்கை சடைச்சி காவலர்களைத் தள்ளிக்கொண்டு சபைக்குள் நுழைந்தாள். கடைமடையில் கருகியது அவள் பயிரும்தான்.

“கையை வெட்டினால் ஏரி நிரம்புமா, மகாராஜா? அண்ணன் எழுதிவைத்த மடை ஓலை இது. வாசிக்கச் சொல்லுங்கள்!”

மருதவாணர் சிரித்தார். “உனக்குக் கணக்குத் தெரியுமா, பெண்ணே?”

“எனக்கெங்கே தெரியும்? நீங்களே சொல்லுங்கள், ஐயா.”

பிரபுவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓலையை வாங்கி உரக்க வாசித்தார். “மேலூருக்கு நாலு நாழிகை, நனைந்த நிலம் பன்னிரண்டு மா. நடுவூருக்கு ஆறு நாழிகை, பதினெட்டு மா. கீழூருக்கு ஏழு நாழிகை, இருபத்தொரு மா. நிலத்தை நாழிகையால் வகுத்தால் எல்லாவற்றுக்கும் மூன்றுதான் வரும். நாழிகைக்கு மூன்று மா!”

“எப்போதும் மூன்றுதானா?”

“ஒரே மடை, ஒரே துவாரம். வேறெப்படி மாறும்? அதற்கு மேல் எவன் பாய்ச்சினாலும் அவன் திருடன்!”

“உங்கள் முறை எத்தனை நாழிகை, ஐயா?”

“ஐந்து.”

“உங்கள் நிலம்?”

“இருபத்தைந்து மா. போய்ப் பார், ஒரு மூலைகூடக் காயவில்லை!”

சொன்ன பிறகுதான் அவருக்கே கணக்கு உறைத்தது. ஐந்து நாழிகைக்குப் பதினைந்து மாதானே நனைய வேண்டும்? மீதிப் பத்து மாவை நனைத்தது எது?

ராஜா யாரையும் அனுப்பவில்லை, தானே குதிரையேறினார். ஏரிக்கரையில் தாழம்புதருக்கு அடியில் கள்ள மடை ஒன்று பிரபுவின் வயலுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

“இறங்கும் உள்ளே! உம் கையாலேயே மண் சுமந்து அடையும்!” என்று உறுமினார் ராஜா. பட்டு வேட்டியோடு சேற்றில் இறங்கினார் மருதவாணர். கட்டவிழ்த்துவிடப்பட்ட உடையானோடு ஊரே கரையில் நின்று பார்த்தது. அந்தப் போகம் முடியும்வரை அவர் வயலுக்கு இனித் தண்ணீர் இல்லை என்றும் தீர்ப்பானது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நான் ஒரு நாழிகை தாமதித்து வந்திருந்தால் என் அண்ணனுக்குக் கை இருந்திருக்குமா?”

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ராஜா முகம் சிவந்தார். ஆனால் வாள் பக்கம் அவர் கை போகவில்லை.

“இருந்திருக்காது” என்றார் மெதுவாக. “உடையான், என்னை மன்னித்துவிடு. தங்கச்சி, உனக்கு என்ன வேண்டும்?”

“மடையைத் திறக்கச் சொல்லுங்கள். என் வயல் இன்னும் முழுதாகச் சாகவில்லை.”

உடையான் மடையைத் திறந்தான். அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், தண்ணீருக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.