கழுதை போட்ட குரங்குக் கணக்கு

காட்டுக் குட்டை வற்றிச் சேறாகிவிட்டது. இனி மலைமேல் உள்ள சுனைக்குப் போகாவிட்டால் தாகத்தில் சாகவேண்டியதுதான்.

சடையன் என்ற கரடிக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லை. ஆகவே வீட்டுக்கே இரண்டு சக்கரம் மாட்டியது.

"இதை யார் இழுப்பது?" என்று கேட்டது கரடி.

"நானிருக்க வேறு யார்!" என்றது வேலப்பன் கழுதை. தன் பலத்தைப் பற்றி அதற்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம். "பத்துக் குரங்கு கனம் இழுப்பேன்!"

அந்தக் காட்டில் எதையும் குரங்கை வைத்துத்தான் எடை பார்ப்பார்கள். நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் வீட்டை வைத்து, மறுமுனையில் குரங்குகளை ஏற்றினார்கள். ஏழாவது குரங்கு ஏறியதும் கட்டை சமமாக நின்றது.

"ஏழுதான்! இன்னும் மூன்று மிச்சம்!" வேலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

அது வெறும் வீடு. பிறகு தேன்பானைகள் ஏறின. அம்மிக்கல் ஏறியது. பின்பாரமானால் வண்டி தூக்கியடிக்கும் என்று கரடி அம்மியை முன்பக்கம் தள்ளியது. நுகம் கழுதையின் கழுத்தை அமுக்கியது. மிச்சமிருந்த மூன்றும் சேர்ந்து பத்துக் குரங்கு கனம்தானே என்று அது பொறுத்துக்கொண்டது.

அப்போது எடைக்கு வந்த ஏழு குரங்குகளும் அதன் முதுகில் தாவி ஏறின.

"இறங்குங்கடா! கணக்கு முடிஞ்சு போச்சு!"

"அது இழுக்கிற கணக்குண்ணே! நாங்க முதுகுலதானே இருக்கோம்!" என்றது மூத்த குரங்கு.

வேலப்பன் யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது. முதுகு எவ்வளவு தாங்கும் என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காததால் குறைவாகவும் தோன்றவில்லை.

வண்டி நகர்ந்தது. வழியில் ஒரு கீரி நின்று பார்த்தது.

"அண்ணே, காலெல்லாம் நடுங்குதே!"

"அது உற்சாகம்!" என்றது கழுதை.

பாதி ஏற்றத்தில் உற்சாகம் தீர்ந்தது. முன்கால் மடங்கியது. குரங்குகள் மரத்துக்குத் தாவிவிட்டன. வீடு கழுதையையும் இழுத்துக்கொண்டு பின்னால் உருண்டு, பழைய சேற்றிலேயே போய் இறங்கியது. வேலப்பனின் கால் முறிந்தது.

மற்றவர்கள் நடந்தே சுனைக்குப் போனார்கள். கரடி மட்டும் தினமும் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவரும். வழியில் சிந்தியது போக நாலு மடக்கு மிஞ்சும். பாவம், வேலப்பன் அதைக் குடித்துவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இழுப்பதற்கு ஒரு கணக்கு, சுமப்பதற்கு ஒரு கணக்கு என்று எத்தனை போட்டாலும், அத்தனையையும் தாங்கவேண்டியது அதே நான்கு கால்கள்தான்.