மாப்பிள்ளையும் கூட வரட்டும்

வேலங்குடியை ஆண்ட பூபதி ராஜாவுக்குக் கிராம்புத் தைலம் இல்லாவிட்டால் பல்வலி அடங்காது. ராஜாவுக்குப் பல் வலித்தால் அரண்மனையில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது. கிராம்போ கடலுக்கு அப்பால், மகரத்தீவில்தான் விளைந்தது.

அந்தத் தீவை ஆண்ட ராணிக்கு மரியாதைதான் உயிர். தங்கள் வழக்கத்தை மீறிய விருந்தாளியைத் துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுவாள். அப்படிப் போனவர்கள் போனவர்கள்தான்.

அங்கே போய்க் கிராம்புக்குப் பேசி வரும்படி மாசிலாமணிக்கு உத்தரவு வந்தது. சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் அவன் வேலை. ஊர்க் குளத்தைக்கூடப் படகில் கடந்து பழக்கமில்லாதவன்.

அந்தத் தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் நாட்டில் ஒருவர்தான். பிரதானி திருவேங்கடம். மாசிலாமணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் சொல்லும் யோசனைகளையெல்லாம் சபை நடுவில் கேலி செய்கிறவனைக் கண்டால் எப்படி ஆகும்? அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தானே தேடிவந்து அவன் தோளில் கைபோட்டார்.

"புது நாடு. தெரியாம எதையாவது செஞ்சுடாதே. செருப்போடவே அரண்மனைக்குள்ளே போ. கழற்றினா அவங்களுக்கு அவமானம். சாப்பாட்டுல பாதியை மிச்சம் வை. ராணி மடியில ஒரு வெள்ளைப் பூனை இருக்கும். முதல் வேலையா அதைத் தடவிக் கொடு. ராணி உருகிப்போயிடுவாங்க!"

மாசிலாமணி கும்பிட்டு நன்றி சொன்னான். வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறுத்தியது. தாகம் என்றால் ஒரு வாய் தண்ணீர் தராத மனுஷருக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இவ்வளவு பிரியம்? விஷயம் புரிந்தபோது பயமும் கோபமும் சேர்ந்தே வந்தன. நாலு கேலிப் பேச்சுக்காக ஆளையே கடலில் தள்ளப் பார்க்கிறாரே!

மறுநாள் சபையில் பிரதானி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"எல்லாம் சரிதானே, பிரதானி?" என்று ராஜா கேட்டார்.

"நானே கண்ணால பார்த்தது, அரசே."

"ஒரே ஒரு கவலை, அரசே," என்றான் மாசிலாமணி. "எனக்கு மறதி ஜாஸ்தி. யாராவது முன்னாலே நடந்து செஞ்சு காட்டினா, பின்னாலே நானும் அப்படியே செஞ்சுடுவேன். பிரதானி ஐயாவோட மாப்பிள்ளை சீதாபதியே தூதுக்குத் தலைமை தாங்கட்டுமே!"

புது மாப்பிள்ளை சீதாபதிக்கு உச்சி குளிர்ந்தது. சபை நடுவில் எழுந்து நின்று ராஜாவைக் கும்பிட்டான்.

"அவருக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்..." என்று பிரதானி இழுத்தார்.

"கஷ்டம் என்ன மாமா? நீங்கதான் எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டீங்களே! செருப்போட உள்ளே போகணும், அவ்வளவுதானே?"

பிரதானி நெற்றியைத் துடைத்தார். "அது... செருப்பை வாசல்லயே விட்டுடுங்க மாப்பிள்ளை. வழக்கம் மாறிடுச்சு."

"எப்போ மாறுச்சு?" என்று ராஜா கேட்டார்.

"இப்போ... சமீபத்துலதான், அரசே."

"சாப்பாட்டுல பாதி மிச்சம்," என்றான் சீதாபதி.

பிரதானிக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காதீங்க," என்றார் மெல்ல.

"பூனையைப் பத்திக் கவலையே வேண்டாம் மாமா. எனக்குப் பூனைன்னா உயிர். போனதும் தூக்கி மடியில வெச்சுக் கொஞ்சிடறேன்!"

"தொடாதீங்க!" பிரதானி போட்ட கூச்சலில் சாமரம் வீசியவள் சாமரத்தைக் கீழே போட்டாள். "அந்தப் பூனையைத் தொட்டா நேரே கடல்தான்! என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ராஜா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ மாசிலாமணி தொட்டா மட்டும் பரவாயில்லையா? இந்த நிமிஷமே உம்ம பதவி..."

"வேண்டாம், அரசே," என்று மாசிலாமணி குறுக்கே வந்தான். "அந்தத் தீவைத் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். பதவியில இருக்கட்டும். மாப்பிள்ளை மட்டும் என்கூட வந்தாப் போதும்."

படகு புறப்படும் நாளில் பிரதானி பட்டு வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். அவர் வாய் ஓயவே இல்லை.

"தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க! சந்தையில முதல்ல சொல்ற விலைக்கு வாங்காதீங்க! அவங்க பாஷையில வணக்கமாவது கத்துக்கோங்க! மழைக்கு ஒரு கம்பளி எடுத்துக்கிட்டீங்களா? மாசிலாமணி, அப்பா, உன்கிட்டயும்தான் சொல்றேன்!"

கரையில் ராஜா பல்வலியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். "இவரை ஏன்டா மன்னிக்கச் சொன்னே?"

"புது ஊருக்குப் போறவனுக்கு இவரைவிட நல்ல வழிகாட்டி உண்டா, அரசே?" என்று படகிலிருந்து கத்தினான் மாசிலாமணி. "மாப்பிள்ளையை மட்டும் பக்கத்துல வெச்சுக்கணும்!"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் படகை நோக்கி வீசினார். மாசிலாமணி அதைப் பிடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

பிரதானி இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினார்.

"கழற்றி மடியில முடிஞ்சுக்கோ! அந்தத் துறைமுகத்துல திருடன் ஜாஸ்தி!"