மாமன் பார்க்கக் கூடாத பல்லு

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அண்ணன், அந்தப் பக்கம் அவன் தங்கச்சி. அண்ணன் மாயழகு, பரிசல் ஓட்டுறவன். தங்கச்சி பேரு செவந்தி. அவளுக்கு ஒரு பொம்பளப்புள்ள, குயிலின்னு பேரு. இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கு. அந்தக் குயிலிக்கு மாமன்னா உசிரு. கேக்குறியா? ம்.

அப்புறம் ஒரு நாள் குயிலி அழ ஆரம்பிச்சுது பாரு, வீல்... வீல்னு! எச்சி சொளசொளன்னு வழியுது, கைய வாயில விட்டுக் கடிக்குது. செவந்தி வாயத் திறந்து பாத்தா, மேல் ஈறு வீங்கி, அரிசி முனையாட்டம் ஒரு பல்லு! சந்தோசப்பட வேண்டியதுதானே? எதிர்வீட்டு வெள்ளையம்மா விடுவாளா! எட்டிப் பாத்துட்டு, "அடி ஆத்தி! மேல்பல்லா மொதல்ல வருது? மாமனுக்கு ஆகாதுடி. கீழ்ப்பல்லு வர்ற வரைக்கும் மாமன் கண்ணுல காட்டிராத"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

செவந்தி பயந்துபோயி புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடிட்டா. அம்மா அப்பா இல்லாதவளுக்கு எல்லாமே அந்த அண்ணன்தானே. அப்போ பாத்து மாயழகு வாசல்ல வந்து நின்னான். "உள்ள வராதண்ணே!"ன்னு டமார்னு கதவச் சாத்திட்டா. காரணத்தையும் கதவுக்குப் பின்னால இருந்தே சொன்னா.

உள்ள புள்ள அலறுது. தூளியில போட்டு ஆட்டினா, கிரீச் கிரீச்... அடங்கல. அப்புறம் கிலுகிலுப்பையக் குடுத்தா. புடுங்கி எறிஞ்சுது, டொக்! அப்புறம் பருப்புச்சோறு பிசைஞ்சு ஊட்டினா. த்தூ! அம்மா மூஞ்சியிலயே. செவந்தியும் சேந்து அழுதுட்டா, பாவம். தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ வெளியில இருந்து மாயழகு கேட்டான், "செவந்தி, மாமன் பாக்கத்தானே கூடாது? தூக்கக் கூடாதுன்னு சொன்னாளா?"

"அது சொல்லல."

"அப்பக் கதவத் தெற."

தெறந்தா, துண்டால கண்ண இறுக்கிக் கட்டிக்கிட்டு நிக்கிறான்! காஞ்ச துண்டு நழுவுதுன்னு, வாசல்ல இருந்த பானைத் தண்ணியில அலசி நனைச்சுக் கட்டியிருக்கான். மூக்குல தண்ணி சொட்டு சொட்டுன்னு விழுது. நிலையில மண்டைய இடிச்சுக்கிட்டான், ணங்! தடவித் தடவிப் புள்ளைய வாங்கினான்.

குயிலி தொங்குன துண்டு முனையப் புடிச்சு வாயில வச்சுது. சப்பு... சப்பு. அழுகை பட்டுனு நின்னுபோச்சு. வீங்கின ஈறுக்குச் சில்லுனு அந்தத் துணி அவ்வளவு இதமா இருந்திருக்கு! கடிச்சுது, இழுத்துச்சு, கடிச்சுது, இழுத்துச்சு... சர்ருனு துண்டு அவுந்து விழுந்துருச்சு.

"அய்யோ அண்ணே, கண்ண மூடு!"ன்னு செவந்தி கத்துறா. எங்க மூடுறது? புள்ள மாமன் மூஞ்சியப் பாத்து வாயெல்லாம் சிரிக்குது, அந்த ஒத்தப் பல்லு பளிச்சுனு தெரியுது. மாயழகு பாத்தான், பாத்துக்கிட்டே இருந்தான். "இந்தச் சிரிப்பப் பாக்காம இருந்தாத்தான் செவந்தி எனக்கு ஆகாது"ன்னான். செவந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு.

மறுநாள் மொதப்பல்லு வந்ததுக்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிச்சாங்க. மாமனுக்கு என்னாச்சோன்னு வெள்ளையம்மா மெதுவா எட்டிப் பாத்தா. மாமன் ரெண்டு கன்னமும் உப்பக் கொழுக்கட்டை தின்னுக்கிட்டு இருக்கான், மடியில புள்ள ஈரத்துணியக் கடிச்சுக்கிட்டு இருக்கு. "இந்தா நீயும் தின்னு"ன்னு செவந்தி அவ வாயில ஒண்ண வச்சு அடைச்சா.

கொழுக்கட்டையும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. வாய மூடு, கண்ண மூடு, தூங்கு.