பதிவர் மாநாட்டில் ஒரு பொன்னாடை

பனிச்சங்காட்டில் ஒரு தேக்கு மரம் இருந்தது. அந்தக் காட்டுக்கே அதுதான் பதிவு மரம். எங்கே பழம் பழுத்திருக்கிறது, எந்தப் புதரில் விரியன் குட்டி போட்டிருக்கிறது, யார் வீட்டில் கல்யாணம் என்று எல்லாப் பிராணிகளும் இலையில் கீறி எழுதும். தையல்சிட்டு நாச்சி அந்த இலைகளை மரத்தில் வரிசையாகத் தைத்து வைப்பாள். ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு நூல் ஓடும். நூலைப் பிடித்துக்கொண்டே போனால் காட்டுச் சேதி அத்தனையும் படித்துவிடலாம்.

அதில் ஒரு பதிவை மட்டும் நாச்சி கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். காட்டு ஓடையைக் கடக்க இரண்டு துறைகள் உண்டு. ஒன்று நாவல் துறை, இன்னொன்று மருதந்துறை. ஒவ்வொரு வருஷமும் இரண்டில் ஒன்றில் மணல் அரித்துக் குழி விழும். எந்தத் துறை என்று பறந்து பார்த்து அவள்தான் எழுதுவாள்.

போன மழையில் அந்த இலை தையல் விட்டுக் காற்றோடு போய்விட்டது. சேதி தெரியாமல் ஓடையில் இறங்கிய முயல் செவ்வந்தி தன் இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தாள். மிஞ்சியது ஒன்றுதான்.

அன்றிலிருந்து நாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. என்னென்னவோ செய்து பார்த்து, எருக்கம்பஞ்சையும் சிலந்தி நூலையும் சேர்த்து முறுக்கி ஒரு மழைத் தையல் கண்டுபிடித்தாள். எந்தக் காற்றுக்கும் அது அவிழாது. முதல் வேலையாகத் துறைப் பதிவை அப்படித்தான் தைத்தாள். ஆனால் மரத்தில் இலை ஆயிரம். ஒற்றை அலகு எத்தனையைத் தைக்கும்? மழைக்கு முன்னால் பத்துப் பேராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பதிவர் மாநாடு கூட்டப்போவதாக ஓணான் அறிவித்தார். விழாக்குழுச் செயலாளர் அவர்தான். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். அதனாலேயே அந்தப் பதவி கிடைத்தது.

"அண்ணே, மழைத் தையல் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு மணி நேரம் வேணும்!" என்றாள் நாச்சி.

"தாராளமா!" என்று தலையாட்டினார் ஓணான்.

நாச்சி நாற்பது உடைமுள்ளை ஊசியாகத் தீட்டினாள். நாற்பது கண்டு நூல் முறுக்கினாள். அலகு வீங்கிப்போயிற்று.

மாநாட்டு நாளும் வந்தது. ஓடை வற்றிக் கிடந்ததால் துறை பார்க்காமலே அக்கரையிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். செவ்வந்தியும் தன் ஒற்றைக் குட்டியை அக்கரை வளையில் படுக்கவைத்துவிட்டுத் தையல் கற்க வந்திருந்தாள்.

ஆனால் தையல் எங்கே நடந்தது? வரவேற்புரை நடந்தது. அதற்கு ஒரு பொன்னாடை. முன்னிலை வகித்தவருக்கு ஒரு பொன்னாடை. வாழ்த்துரை ஏழு பேர், ஏழு பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை! பிறகு கொக்கு எழுந்து, 'ஒரே வாரத்தில் ஆயிரம் வாசகர்' என்று பேசினார். அவர் எழுதியதை அவர் பெண்டாட்டிகூடப் படித்ததில்லை. கேள்வி நேரத்தில் தவளை எழுந்து, "எனக்குக் கேள்வி இல்லை, ஒரே ஒரு கருத்து!" என்று தொடங்கி வெயில் சாயும்வரை கத்தித் தீர்த்தார்.

நாச்சி ஓணானிடம் ஓடினாள். "அண்ணே, என் அமர்வு என்ன ஆச்சு?"

"அரை மணி தர்றேன்மா."

கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்! எல்லாரும் சாப்பிடற நேரத்தில், அந்தப் புதருக்குப் பின்னாடி வச்சுக்கோ. சிறப்பு விருந்தினர் வந்துட்டார், வழி விடு!"

சிறப்பு விருந்தினர் மயில் மணிவர்ணர். தலைப்பு 'பதிவுலகின் எதிர்காலம்'. அவர் வாழ்நாளில் ஓர் இலை எழுதியதில்லை! சபை எழுந்து நின்றது. ஓணான் இலை கோத்த ஒரு பெரிய பொன்னாடையை விரித்து மயிலின் தோளில் போர்த்தினார். கைதட்டல் காதைப் பிளந்தது.

நாச்சிக்கு மட்டும் ரத்தம் கொதித்தது. அந்தப் பொன்னாடையில் ஓடிய தையல் அவளுடைய தையல். நடுவில் இருந்தது துறைப் பதிவு!

"அண்ணே! மரத்திலிருந்து பிடுங்கிட்டீங்களா?"

ஓணான் குரலைத் தாழ்த்தினார். "கத்தாதேம்மா! மத்த இலையெல்லாம் தொட்டாலே கிழியுது. இதுதான் கெட்டியா இருந்துச்சு. மாநாடு முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கலாம்."

"மழை உங்க மாநாட்டைக் கேட்டுக்கிட்டா வரும்? அது அலங்காரத்துக்கா தச்சது? உயிருக்குத் தச்சதய்யா!"

"மேடை நாகரிகம் தெரியாதவளா இருக்கியே!" என்று முகம் சுளித்தார் கொக்கு. கேட்டவர்கள் சிரித்தார்கள். வயிறு எரிகிறதா இல்லையா, சொல்லுங்கள்!

அவர்கள் சிரித்து முடிக்கவில்லை. வானம் இருண்டது. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கமிருந்து ஓடை இரைந்து வந்தது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று அலறினாள் செவ்வந்தி. அக்கரைக்காரர்கள் எல்லாரும் பதிவு மரத்துக்கு ஓடினார்கள். துறைப் பதிவு இருந்த இடத்தில் நூல்தான் தொங்கியது.

"மயில் தோளில் இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால், மழையைக் கண்ட மயில் சும்மா இருக்குமா? மணிவர்ணர் தோகையை விரித்து ஆடிக்கொண்டிருந்தார். தையல் அவிழவில்லை, ஆனால் இலை நட்டநடுவே கிழிந்துவிட்டது. பாதி சேற்றில் கரைந்தது. மீதிப் பாதியில் இவ்வளவுதான் இருந்தது: 'துறையில் இறங்காதீர்கள்!'

எந்தத் துறையில்?

செவ்வந்தி ஓணானைப் பிடித்து உலுக்கினாள். "மருதந்துறை நல்லதா?"

ஓணான் தலையாட்டினார்.

"அப்போ நாவல் துறை?"

அதற்கும் தலையாட்டினார்!

பெற்ற வயிறு பொறுக்குமா? நாவல் துறைதான் கிட்டத்தில் இருந்தது. செவ்வந்தி அந்தப் பக்கம் பாய்ந்தாள். முன்னங்கால் தண்ணீரில் பட்டதோ இல்லையோ, நாச்சி அவள் முகத்திலேயே வந்து மோதினாள்.

"அக்கா, இறங்காதே! இங்கேதான் குழி! மருதந்துறைக்கு வா, நான் முன்னாடி பறக்கிறேன்!"

அந்தத் துளியூண்டு குருவி மழைக்குள் தாழப் பறந்தது. அதன் பின்னால் செவ்வந்தி, அவளுக்குப் பின்னால் அக்கரைக் கூட்டம் மொத்தமும். மருதந்துறையில் முழங்காலளவுதான் தண்ணீர். முயலைப் பன்றி ஒன்று முதுகில் ஏற்றிக்கொண்டது. வளைக்குள் வெள்ளம் நுழைவதற்கு ஒரு நொடி முன்னால் செவ்வந்தி தன் குட்டியை வாயில் கவ்வி வெளியே இழுத்தாள்.

மறுநாள் அழைப்பிதழ் இல்லை, வரவேற்புரை இல்லை. தேக்கு மரத்தடியில் காடே கூடிவிட்டது. நாற்பது முள்ளும் போதவில்லை. ஈரம் காயாத குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் முடிச்சைப் போட்டவள் செவ்வந்திதான்.

அப்போது ஓணான் வந்தார், கையில் புதுப் பொன்னாடையோடு. "நம் அருமை நாச்சியம்மா அவர்களைக் கௌரவிக்கும் விதமாக, விழாக்குழுவின் சார்பில்..."

நாச்சி கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "அண்ணே, இது எந்தக் கிளையில் பிடுங்கினது?"

ஓணான் விழித்தார். முதல்முறையாக அவர் தலை ஆடவில்லை.

"பிடுங்கின இடத்திலேயே தச்சு மாட்டுங்க. இந்தாங்க ஊசி. பேசறதுக்கு உங்களுக்கும் அஞ்சு நிமிஷம் தர்றேன், மாட்டி முடிச்சப்புறம்!"

வேலை தெரிந்தவரின் நேரத்தைப் பிடுங்கி வெறும் ஆளுக்கு மாலை போடுகிற சபை, வெள்ளம் வந்த அன்று வழி கேட்க ஆளில்லாமல் கரையில் நின்று தவிக்கும்.